75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட்: பானம் பரவாயில்லை, லேப் நல்ல லேப், முன்கூட்டிச் சொல்வதில்தான் கோட்டை விடுகிறார்கள்

கர்ப்பகால குளுக்கோஸ் டெஸ்ட் என்றாலே எல்லோரும் முதலில் பேசுவது அந்தத் தித்திப்பைத்தான். குடிக்கவே முடியாது, குமட்டும், பாதியில் வாந்தி வரும் என்று பயமுறுத்தித்தான் அனுப்பி வைக்கிறார்கள். நான் எடுத்தது 75 கிராம், 2 மணி நேர டெஸ்ட், ஓ.ஜி.டி.டி என்று எழுதிக் கொடுப்பார்களே அது. எடுத்து முடித்த பிறகு சொல்கிறேன், தித்திப்பு இதில் சின்ன விஷயம். அதைவிட முக்கியமானது, டெஸ்டுக்கு முந்தைய சில நாட்கள் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று லேப் உங்களிடம் சொன்னதா, டெஸ்ட் அன்று கடிகாரத்தைப் பார்த்து ஒழுங்காக ரத்தம் எடுத்தார்களா, ரிப்போர்ட்டில் கர்ப்பிணிக்கான எல்லையைப் போட்டார்களா என்பதுதான். இந்த மூன்றில் ஒன்றை நான் போன லேப் மிக நன்றாகச் செய்தது, மற்ற இரண்டில் சொதப்பியது. பெயர் போடவில்லை. எந்த லேபுக்குப் போனாலும் இதே கேள்விகளைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

இதில் நான் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறேன் என்றால், என் ஃபாஸ்டிங் 94 வந்தது. கர்ப்பிணிகளுக்கு இந்த டெஸ்டில் வெறும் வயிற்றில் 92, 1 மணி நேரத்தில் 180, 2 மணி நேரத்தில் 153, எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலோ தாண்டினாலோ கர்ப்பகால சர்க்கரை என்று எடுத்துக்கொள்கிறார்கள். மற்ற இரண்டும் எனக்குச் சாதாரணமாகத்தான் இருந்தன, இந்த ஒன்று மட்டும் 2 புள்ளி கூட. 2 புள்ளி வித்தியாசத்தில் ஒருவர் பிரசவம் வரைக்கும் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டியிருக்கிறது, இன்னொருவர் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார் என்றால், அந்த எண் நம்பும்படியாக இருக்க வேண்டும் இல்லையா?

அந்த எல்லைகளும் சும்மா யாரோ நினைத்து வைத்ததில்லை. ஹாப்போ என்று ஒரு பெரிய ஆய்வு, 9 நாடுகளில் 23,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்துச் செய்தது, முடிவுகள் 2008-ல் வந்தன. தாயின் சர்க்கரை கூடக் கூடக் குழந்தை அளவுக்கு மீறிப் பெரிதாவது, பிறந்ததும் குழந்தைக்கு இன்சுலின் அதிகமாக இருப்பது போன்றவையும் படிப்படியாகக் கூடுகின்றன, 'இதுவரை ஆபத்தில்லை, இதற்கு மேல் ஆபத்து' என்று தெளிவான கோடு எங்கும் இல்லை என்று அதில் தெரிந்தது. கோடு இல்லாத இடத்தில் நிபுணர்கள் உட்கார்ந்து பேசி 2010-ல் ஒரு கோடு போட்டார்கள், உலக சுகாதார நிறுவனமும் 2013-ல் அதையே எடுத்துக்கொண்டது. அதனால் 94 வந்துவிட்டது என்று இடிந்துபோகவும் தேவையில்லை, 91 வந்துவிட்டது என்று இஷ்டத்துக்கு இருக்கவும் கூடாது.

சரி, முதலில் முன்தகவல். லேபிலிருந்து எனக்கு வந்த குறுஞ்செய்தியில் இருந்தது ஒரே வரி: '8 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் வரவும்.' அவ்வளவுதான். 5-க்கு 1 கொடுக்கிறேன், அந்த 1-ம் செய்தி சரியான நேரத்தில் வந்ததற்காக.

அந்தச் செய்தியில் இருந்திருக்க வேண்டியதில் முதலாவது, முந்தைய 3 நாட்களும் வழக்கம்போல் சாப்பிட வேண்டும் என்பது. நாளுக்கு 150 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும் என்பதுதான் இந்த டெஸ்டுக்கான விதி. கேட்டால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும், ஏனென்றால் நம் எல்லோருக்கும் தோன்றுவது நேர் எதிரானது. எங்கள் அம்மாவே, "சுகர் டெஸ்ட் வருதே, அதுவரைக்கும் இனிப்பு, மாவு எதையும் தொடாதேம்மா" என்றார்கள், அக்கறையோடுதான் சொன்னார்கள். என் டாக்டர் அதற்கு முன்பே எச்சரித்திருந்ததால் தப்பித்தேன். மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்துவிட்டால் உடம்பு கொழுப்பை எரித்து ஓடப் பழகிவிடும். இன்சுலின் சுரப்பும் மந்தமாகிவிடும். அந்த நிலையில் ஒரே மூச்சில் 75 கிராம் குளுக்கோஸ் உள்ளே போனால் சமாளிக்கத் திணறி, சர்க்கரை உண்மையில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். நல்ல ரிசல்ட் வரட்டும் என்று பட்டினி கிடந்தவருக்கு மோசமான ரிசல்ட் வரும். அதற்காக முந்தின ராத்திரி இனிப்பாகப் பார்த்துச் சாப்பிடச் சொல்லவில்லை, எப்போதும் சாப்பிடுகிற இரவுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.

இரண்டாவது, வெறும் வயிறு என்பதற்குக் கீழ் எல்லை மட்டும் இல்லை, மேல் எல்லையும் உண்டு. 8 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, 14-ஐத் தாண்டவும் கூடாது. ராத்திரி சீக்கிரமே சாப்பிட்டுப் படுத்துவிட்டு, காலையில் லேபில் வரிசையில் காத்திருந்து, பதினோரு மணிக்கு மேல் முதல் ரத்தம் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கர்ப்பத்தில் பட்டினி நீண்டால் கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகிற பொருள்) சீக்கிரமே ஏறும், அதில் குமட்டலும் தலைவலியும் வரும், அப்புறம் அந்தப் பானத்தைக் குற்றம் சொல்வோம். ஆகவே லேப் திறந்ததும் முதல் ஆளாகப் போகிற மாதிரி நேரம் வாங்குங்கள். கர்ப்பிணிகளுக்கு முதல் நேரத்தை ஒதுக்குவதை லேப்கள் தாங்களாகவே ஒரு விதியாக வைத்தால் புண்ணியமாகப் போகும், நான் கேட்டதால்தான் எனக்குக் கிடைத்தது.

தண்ணீர் விஷயத்தில் இந்த லேபிலேயே ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வரவேற்பில் இருந்தவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கக் கூடாது என்றார், உள்ளே ரத்தம் எடுத்த நர்ஸ், "தண்ணி குடிச்சிருந்தா நரம்பு நல்லாக் கிடைச்சிருக்குமே, ஏங்க குடிக்கல?" என்று கேட்டார். நர்ஸ் சொன்னதுதான் சரி. வெறும் தண்ணீர் குடிக்கலாம். டீ, காபி, பழச்சாறு, சூயிங்கம் எதுவும் வேண்டாம், சர்க்கரை போடாததும் வேண்டாம். புகைபிடிக்கிறவர்கள் பக்கத்திலும் நிற்க வேண்டாம், அது எந்த நாளுக்கும் பொருந்தும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது மாத்திரை, ஊசி. குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காக ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறியே இருக்கும், அந்தச் சமயத்தில் இந்த டெஸ்ட் எடுத்துப் பயனில்லை. காய்ச்சல், வயிற்றுப்போக்கு மாதிரி உடம்புக்கு முடியாமல் இருந்தாலும் டாக்டரிடம் பேசித் தள்ளிப் போடலாம். எடைக் குறைப்புக்காக இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு இந்தப் பானமே ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அவர்களுக்கு வேறு வழியில் பார்ப்பார்கள். இதையெல்லாம் கேட்க ஒரு சின்னப் படிவம் போதும். எங்கள் லேபில் என் வயதும் எத்தனையாவது வாரம் என்பதும் கேட்டதோடு சரி.

இன்னொன்று, எந்த டெஸ்ட் என்பதை முதலில் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் ஒரே டெஸ்ட் இல்லை. சிலருக்கு முதலில் 50 கிராம் கொடுத்து 1 மணி நேரம் கழித்து ஒரு முறை மட்டும் பார்ப்பார்கள், அதற்கு வெறும் வயிறு தேவையே இல்லை. அதில் 130, 135, 140 என்று அந்த இடத்தில் பின்பற்றுகிற எல்லையைத் தாண்டினால் இன்னொரு நாள் 100 கிராம், 3 மணி நேர டெஸ்ட். அதில் எல்லைகள் வெறும் வயிறு, 1, 2, 3 மணி நேரம் என்ற வரிசையில் 95, 180, 155, 140, பொதுவாக இரண்டு தாண்டினால்தான் கணக்கு. வெறும் வயிறு இல்லாமலே 75 கிராம் கொடுத்து, 2 மணி நேரத்தில் ஒரே ஒரு முறை பார்த்து, 140-ஐ எல்லையாக வைக்கிற முறையும் உண்டு. தோழி ஒருத்தி சாப்பிட்டுவிட்டுப் போனாள் என்று நீங்களும் சாப்பிட்டுவிட்டுப் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவள் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடவும் முடியாது.

இப்போது பானம். எனக்குக் கொடுத்தது மூடி முத்திரை உடையாத, எலுமிச்சைச் சுவை போட்ட ரெடிமேட் பாட்டில், 300 மில்லி, 75 கிராம் என்று மேலே அச்சடித்திருந்தது. குளிர்ந்திருந்தது, அதுவே பாதிக் கஷ்டத்தைக் குறைத்துவிட்டது. முதல் வாய் நன்றாகவே இருக்கிறது, பாதிக்கு மேல் தொண்டையில் ஒரு கனம், கடைசி இரண்டு மிடறு உண்மையாகவே கஷ்டம். புளிப்பு இருப்பதால் தித்திப்பு முகத்தில் அறையவில்லை. 5 நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். ஒரே மூச்சில் கவிழ்த்தால் வயிறு புரட்டும், ரொம்ப மெதுவாகக் குடித்தால் டெஸ்டே கெடும், நான் சில மிடறு குடித்து, மூச்சு விட்டு, மறுபடி குடித்து என்று முடித்தேன். அது எனக்கு ஒத்து வந்தது. நிறம் சேர்க்காத பாட்டில் இருக்கிறதா என்று கேட்டேன், எடுத்துக் கொடுத்தார்கள், அதற்கு நன்றி. பானத்துக்கு 5-க்கு 3.5.

பொடியைக் கரைத்துக் கொடுக்கிற இடங்களும் நிறைய உண்டு, அதில் தவறு ஒன்றும் இல்லை, அளவு சரியாக இருந்தால். என் நாத்தனார் வேறொரு இடத்தில் எடுத்தபோது பெரிய டப்பாவிலிருந்து கரண்டியால் அள்ளிப் போட்டுக் கலக்கினார்களாம், எடை போடவே இல்லையாம். எனக்கு அதைக் கேட்டதும் கோபம்தான் வந்தது. 75 கிராம் என்பது நீர் சேராத குளுக்கோஸின் எடை, நீர் சேர்ந்த வகை என்றால் 82.5 கிராம் போட வேண்டும். அந்த வித்தியாசத்தையே கணக்கில் எடுத்து விதி எழுதியிருக்கும்போது கரண்டிக் கணக்கு எப்படிச் சரியாகும்? அளவு போட்டு அடைத்த பாக்கெட்டா, மொத்த டப்பாவா என்று கேளுங்கள். பாக்கெட்டை உங்கள் கண் முன்னால் வெட்டிக் கரைத்து, அடியில் தங்காமல் முழுவதும் குடிக்க வைத்தால் அது பாட்டிலுக்குச் சமம்.

வாந்தி வந்துவிட்டால்? எதை விழுங்கினோம் எதை வெளியே விட்டோம் என்று யாருக்கும் தெரியாது, அந்த டெஸ்ட் செல்லாது, இன்னொரு நாள்தான். பயந்து மறைக்காதீர்கள், உடனே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். மசக்கை இன்னும் விடாதவர்கள் முந்தைய சந்திப்பிலேயே டாக்டரிடம் சொன்னால் வாந்திக்கான மருந்து எடுக்கலாமா, அல்லது வேறு வழி பார்க்கலாமா என்று அவர் முடிவு செய்வார். ஹெச்.பி.ஏ.1.சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுகிற ரத்த டெஸ்ட், அதை எடுத்துவிட்டால் போதாதா என்று டாக்டரிடம் நானும் கேட்டேன். கர்ப்பத்தில் சிவப்பணுக்கள் சீக்கிரம் மாறுவதால் அந்த எண் இறங்கிக் காட்டும், கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டுபிடிக்க அதை நம்ப முடியாது என்று விளக்கினார்.

ரத்தம் எடுத்த விதத்துக்கு 5-க்கு 5. இதில் இந்த லேபை மனதாரப் பாராட்டுகிறேன். நேரம் எண்ணுவது குடித்து முடித்ததிலிருந்து இல்லை, முதல் மிடறிலிருந்து, இதை நர்ஸே சொல்லி, நேரத்தை என் கையில் ஒட்டிய துண்டுச் சீட்டிலும் அவர் தாளிலும் எழுதினார். 1 மணி நேரம் ஆகப்போகும் முன்பே பெயர் சொல்லிக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்குக் கூட்டத்தில் அந்த இரண்டாவது ஊசி தள்ளிப் போனது, அதை மழுப்பாமல் எடுத்த உண்மையான நேரத்தையே எழுதி, டாக்டரிடமும் காட்டச் சொன்னார்கள். அந்த ஒரு மணி நேரத்தின் பக்கத்தில் சர்க்கரை வேகமாக ஏறி இறங்குகிறது, அதனால் இந்த நேர்மை எனக்குப் பெரிதாகப்பட்டது.

குழாய் விஷயமும் பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்து வைத்த ரத்தத்தில் உள்ள அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், சாதாரண அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். என் 94-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள், அந்த ரத்தம் ஒரு மணி நேரம் மேசையில் கிடந்திருந்தால் 88, 89 என்று காட்டியிருக்கும், எனக்கு ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஃபுளோரைடு கலந்த சாம்பல் மூடிக் குழாயில் எடுப்பது இதைத் தடுக்கத்தான், ஆனால் அதுவும் வேலையைக் காட்டச் சிறிது நேரம் எடுக்கும், அதனால் சீக்கிரமே இயந்திரத்தில் சுழற்றி, பிளாஸ்மாவை (அணுக்கள் நீங்கிய ரத்தத் திரவம்) பிரித்துவிட வேண்டும். இந்த லேபில் இயந்திரம் அங்கேயே இருந்தது, நான் உட்கார்ந்திருக்கும்போதே என் குழாய் உள்ளே போனது. ரத்தத்தை மட்டும் எடுத்து வேறு ஊருக்கு அனுப்புகிற கிளை என்றால் எவ்வளவு நேரத்தில் பிரிப்பீர்கள் என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம். விரலில் குத்தி மீட்டரில் பார்த்து இதே முடிவைச் சொல்லப் போகிறார்கள் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மீட்டர் தினசரிக் கவனிப்புக்கு நல்லது, நோய் இருக்கிறதா என்று முடிவு செய்ய நரம்பு ரத்தம்தான்.

காத்திருக்கும் இடம் சுமார், 2.5. முதுகு சாய முடியாத நாற்காலி, பக்கத்திலேயே சாப்பாட்டு வாசனை. நடக்காமல் உட்கார்ந்தே இருக்க வேண்டும், நடந்தால் தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொண்டு எண் மாறும். அப்படி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்காரச் சொல்கிறவர்கள் சாய்வு நாற்காலி ஒன்றிரண்டாவது போட வேண்டாமா? கழிப்பறை மட்டும் பக்கத்தில், சுத்தமாக. நான் ஒரு சின்னத் தலையணை கொண்டு போயிருந்தேன், கைத் தளர்வான உடை போட்டிருந்தேன், ரத்தம் எடுத்து முடிந்ததும் சாப்பிட டப்பாவில் சாப்பாடும் இருந்தது. கடைசி அரை மணி நேரத்தில் உடம்பு தளர்ந்து லேசாகத் தலை சுற்றியது, கூட ஒருவர் வந்திருந்தது நல்லதாகப் போயிற்று, தானே வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டாம்.

கடைசியாக ரிப்போர்ட், இதற்கு 1.5-தான். அன்று சாயங்காலமே வந்துவிட்டது, எண்களும் தெளிவு. ஆனால் பக்கத்தில் அச்சடித்திருந்த இயல்பு அளவு வெறும் வயிற்றுக்கு 70 முதல் 100. அது கர்ப்பமில்லாதவர்களுக்கானது! என் 94-க்குப் பக்கத்தில் நட்சத்திரம் இல்லை, தடித்த எழுத்து இல்லை, எல்லாம் நார்மல் மாதிரியே இருந்தது. வீட்டில் எல்லோரும் நிம்மதியானோம், மறுநாள் டாக்டர்தான் 92-க்கு மேல் என்று சுட்டிக் காட்டினார். டாக்டரிடம் அடுத்த மாதம் காட்டிக்கொள்ளலாம் என்று விடுகிற ஒருவர் இதனால் எத்தனை வாரத்தை இழப்பார்? 24 முதல் 28 வாரத்துக்குள் இந்த டெஸ்டை வைப்பதே, நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுப்பது அப்போது நன்றாகத் தெரிய ஆரம்பிக்கும், மிச்சமிருக்கும் வாரங்களில் ஏதாவது செய்ய முடியும் என்பதற்காகத்தான். லேபுக்குத் தொலைபேசியில் சொன்னேன், மென்பொருளில் அப்படி இருக்கிறது என்றார்கள். எத்தனையாவது வாரம் என்று கேட்டு எழுதிக்கொண்ட லேப், அந்தத் தகவலை ரிப்போர்ட்டில் பயன்படுத்தாமல் இருப்பது சரியில்லை. எழுதியும் கொடுத்திருக்கிறேன், மாற்றினால் இந்த மதிப்பெண்ணை நானே ஏற்றிவிடுகிறேன். அதுவரை, ரிப்போர்ட் கையில் வந்ததும் அச்சடித்த அளவைப் பார்க்காமல் மேலே சொன்ன எல்லைகளோடு வைத்துப் பாருங்கள், அன்றே டாக்டருக்கும் அனுப்பிவிடுங்கள்.

இப்போது எனக்குச் சாப்பாட்டை மாற்றியதிலும் சாப்பிட்ட பின் நடப்பதிலுமே சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, இப்படி வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அதுவே போதும் என்றார் டாக்டர். பிரசவமாகி 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபடியும் இதே 75 கிராம் எடுக்க வேண்டும், சர்க்கரை முழுவதும் போய்விட்டதா என்று பார்க்க. அதற்கும் இதே லேபுக்குத்தான் போவேன், அந்த நர்ஸுக்காகவும் அந்தச் சுழற்றும் இயந்திரத்துக்காகவும். முதல் நேரத்தைக் கேட்டு வாங்கி, குளிர்ந்த பாட்டிலாக எடுத்து வைக்கச் சொல்லி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மாவையும் கூட அழைத்துக்கொண்டு போவதாக இருக்கிறேன்.